ஓட்டைக் காலணாவும் ஒற்றை இலையும்

செமஸ்டர் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. தூங்கித் தூங்கி போரடித்துவிட்டதால் மறுபடியும் எழுத வந்துவிட்டேன். இந்த முறை சப்ஜெக்ட் சில்லறை. சில்லறைத்தனமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே சில்லறை :)

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். மயிலாப்பூரில் எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. அதில் பாதி வரைக்கும் தாத்தா சேர்த்து வைத்த செப்புக் காசுகள். சின்ன வயதில் அதைக் குலுக்கி விளையாடியதோடு சரி. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. "செல்லாக்காசுடா, போட்டுட்டு வா" என்பாள் பாட்டி.

போன மாதம் தி.நகரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். பாட்டிலிலிருந்து ஒரு காசை ஏற்கெனவே அவர் எடுத்துப் போயிருந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818' என்று ஆங்கிலத்தில். அதைப் போட்டோ பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். மறுநாளே ஒருவன் போன் செய்து பதினெட்டு லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றானாம். முதலில் 'பதிவுக் கட்டணம்' 4,500 ரூபாய். பெரியப்பா கட்டிவிட்டார். அப்புறம் 'வரி' என்று 32,000 கேட்டிருக்கிறான். அதற்காகப் பெரியம்மாவின் செயினை அடகு வைக்கலாமா என்று பாட்டியிடம் யோசனை கேட்கத்தான் வந்திருந்தார்.

"நீதான் ஹிஸ்டரி படிக்கிறியே, பாத்துச் சொல்லுடா" என்று காசை என் கையில் கொடுத்தார். நான் படிப்பது என்னவோ ஹிஸ்டரிதான். ஆனால் காசைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ரெண்டு நாள் டைம் குடுங்க பெரியப்பா, அதுவரைக்கும் ஒரு பைசா கட்டாதீங்க" என்றேன். ரெண்டு நாள் பத்து நாளானது. அந்தப் பத்து நாளில் படித்ததுதான் இந்தப் பதிவு. பெரியப்பா காசுக்குக் கடைசியில் வருகிறேன்.

காசு நம்முடையதுதான்

முதலில் ஒரு பெருமை. ஆங்கிலேயர்கள் மதராஸில் புழங்கிய சின்னச் செப்பு நாணயத்துக்கு 'கேஷ்' என்று பெயர் வைத்தது நம் 'காசு' என்ற சொல்லிலிருந்துதான். போர்ச்சுகீசியர் வாய்க்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. (ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு, அது பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. பத்துக் காசு நாணயத்துக்குத்தான் 'துட்டு' என்று பெயர். இன்றைக்கும் 'துட்டு இருக்கா மச்சி' என்று கேட்கிறோமே, அதே துட்டு.

இந்தக் காசுகளை ஆரம்பத்தில் கையால்தான் அடித்தார்கள். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் செப்பு வில்லை, தலையில் ஒரு சுத்தியல் அடி. அவ்வளவுதான். அச்சைக் கையால் வெட்டுவதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு அச்சு தேய்ந்து வேறு அச்சு வந்தால் சாமியின் கையும் காலும் இடம் மாறிவிடும். ஆகவே நாயக்கர் காலத்துக் காசுகளில் அச்சு வேறுபாடு தேடுவது கடற்கரையில் மணலை எண்ணுகிற மாதிரி.

கதை மாறுவது நீராவி வந்த பிறகு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் மேத்யூ போல்டன் என்பவர் சோஹோ என்ற இடத்தில் நீராவியால் ஓடும் நாணயச் சாலையை வைத்திருந்தார். நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி இவர். கம்பெனி தன் மதராஸ் மாகாணத்துக்கான செப்புக் காசுகளை அங்கே அடித்துக் கப்பலில் கொண்டுவந்தது. வட சர்க்கார் பகுதிக்காக 1794, 1797 ஆண்டுகளில் ரூபாய்க்கு 48, ரூபாய்க்கு 96 என்ற கணக்கில் அடித்தார்கள். பிறகு 1803ல் ஒன்று, ஐந்து, பத்து, இருபது காசுகள். 1808ல் மறுபடி பத்தும் இருபதும். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் மதிப்பு பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும்.

இங்கே முதல் பாடம். பழைய காசில் 3ம் 8ம் தேய்ந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கையில் இருப்பது ஐந்து காசு என்றால் யோசிக்கவே வேண்டாம், அது 1803. ஏனென்றால் 1808ல் சோஹோவில் ஐந்து காசு அடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கணக்குச் சொல்லிவிடும்.

1808 காசுக்குப் பின்னால் ஒரு சோகக்கதையும் உண்டு. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 48 டன் செப்புக் காசுகளோடு மதராஸுக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசுகள் 170 வருஷத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்திருக்கின்றன! அதனால்தான் 1808 பத்துக் காசு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று மதராஸுக்கு வந்து கைமாறிக் கைமாறி வழவழப்பானது. இன்னொன்று ஒருநாளும் கைமாறாமல், எழுத்துக்கள் கூர்மையாக, கடலின் கறையோடு. ஒரே சாலையில், ஒரே வருஷத்தில் பிறந்தவை. இப்போது பார்த்தால் சொந்தம் என்றே நம்ப மாட்டீர்கள்.

அச்சு எப்படி வேறுபடுகிறது?

சரி, மேட்டருக்கு வருவோம். இயந்திரம் வந்த பிறகு எல்லாக் காசும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும்? எப்படி வேறுபாடு வருகிறது?

நாணயம் அடிக்கும் முறையை எளிதாகச் சொல்கிறேன். ஓவியர் உருவத்தைச் செதுக்குவார். அதிலிருந்து எஃகில் ஒரு தாய் அச்சு. தாய் அச்சை அழுத்தி நிறைய வேலை அச்சுகள். வேலை அச்சு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் காசு அடித்துவிட்டுத் தேய்ந்தோ விரிந்தோ போகும். உடனே அடுத்தது வரும். ஆக, வேறுபாடு மூன்று இடங்களில் நுழையலாம்.

முதலாவது, தாய் அச்சையே மாற்றினால். அப்போது லட்சக்கணக்கான காசுகளில் ஒரே மாதிரி மாற்றம் தெரியும். இரண்டாவது, சாலைக்குச் சாலை. ஒரே காலணாவை கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று இடத்திலும் அடித்தால் எழுத்தின் அளவு, மாலையின் இலை எல்லாம் லேசாக மாறும். மூன்றாவது, ஒரே ஒரு வேலை அச்சில் வரும் கோளாறு. எண்ணைக் கையால் குத்தும்போது ஒன்றின் மேல் ஒன்று விழுவது, அச்சில் விரிசல், அழுக்கு அடைத்து எழுத்துக் காணாமல் போவது. இது சில ஆயிரம் காசுகளில் மட்டும் இருக்கும்.

ஒரு சின்ன டிப்ஸ். காசின் மேல் ஒரு கோடு தெரிகிறதா? நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அது அச்சின் விரிசல். அச்சில் பிளந்த இடத்துக்குள் செம்பு புகுந்து காசில் மேடாக நிற்கும். பள்ளமாக இருந்தால் அது வெறும் கீறல், யாரோ சாவியோடு சேர்த்துப் பையில் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் கீறல் விழுந்த காசை 'அரிய வகை' என்று விற்பவர்கள் நிறைய.

இரட்டை இலை (அரசியல் இல்லைங்க)

1835ல் கம்பெனி தன் மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நாணயச் சட்டம் போட்டது. ரூபாய், அணா, தம்பிடி எல்லா இடத்துக்கும் பொதுவாயின. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. அதில் காலணாதான் ஏழை மக்களின் காசு, 64 சேர்ந்தால் ஒரு ரூபாய்.

இந்தக் காலணாவில் ஒரு வேடிக்கை. 1835 என்று போட்டிருந்தால் 1835ல்தான் அடித்தது என்று அர்த்தம் இல்லை! ஆண்டை மாற்றாமல் பல வருஷம் அதே 1835லேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். 1862லும் இதே கதை. அந்த ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயை 1873 வரை அடித்தார்கள். பம்பாய் சாலைக்காரர்கள் மட்டும் ஆண்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்து எந்த வருஷம் அடித்தது என்று குறித்திருக்கிறார்கள். ஆக, அச்சு வேறுபாட்டைப் படிப்பது சும்மா பொழுதுபோக்கு இல்லை. காசு சொல்லும் பொய்யை அந்தப் புள்ளிதான் காட்டிக்கொடுக்கிறது.

பாட்டிலில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல காசு 1858 காலணா. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் மாலைக்குள் 'கால் அணா', சுற்றிக் 'கிழக்கிந்தியக் கம்பெனி', ஆண்டு. 1857லும் 1858லும் வந்த இந்தக் காலணாவை இங்கிலாந்தில்தான் அடித்து அனுப்பினார்கள். வருஷத்தைக் கவனியுங்கள். 1857ல் கலகம். 1858 நவம்பரில் ஆட்சி கம்பெனியிடமிருந்து ராணியின் கைக்குப் போயே போய்விட்டது. முதலாளி போன பிறகும் கடை போர்டு மட்டும் தொங்குகிற மாதிரி, கம்பெனி பெயர் மட்டும் காசில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் காலணாவில் இரண்டு வகை. மாலையின் நுனியைப் பார்க்க வேண்டும். ஒரு வகையில் நுனியில் ஒற்றை இலை, இன்னொன்றில் இரட்டை இலை. அரசியல் பேசலைங்க, நாணயம்தான் பேசுகிறேன் :) லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நம்முடையது ஒற்றை இலை.

இங்கேதான் நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். இலை சரியாகத் தெரியவில்லை என்று பாட்டி செப்புக்குடம் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பளபளவென்று வந்தது. அப்புறம்தான் படித்தேன், பழைய காசைத் தேய்ப்பது மகா பாவமாம். நூறு வருஷமாகப் படிந்த நிறம் போனால் திரும்ப வராது, சேகரிப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள். நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். லேசாகச் சாய்த்து ஒரு பக்கமிருந்து வெளிச்சம் அடித்தாலே போதும், தேய்ந்த எழுத்தும் தெரியும்.

பன்றியும் ஓட்டையும்

அடுத்த காசு 1911 காலணா, ஐந்தாம் ஜார்ஜ். ராஜா கழுத்தில் ஒரு பதக்கச் சங்கிலி, அதில் ஒரு யானை. ஆனால் யானைக்குத் துதிக்கையும் காலும் குட்டையாக இருந்ததால் பார்ப்பவர்களுக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே கடும் எதிர்ப்பு கிளம்ப, 1912லிருந்து யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அரிசி மணியைவிடச் சின்ன உருவம், ஒரு சர்க்காரையே பதில் சொல்ல வைத்துவிட்டது. நம் பாட்டிலில் இருந்த 1911 காலணாவில் சங்கிலியே தேய்ந்துவிட்டது. ஆனால் ஆண்டு தெளிவாக இருப்பதால் அது பன்றி வகைதான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம் பாட்டிக்குப் பிடித்தது. ஓட்டைக் காலணா! இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு. செம்பை மிச்சம் பிடிக்கக் காசின் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள், 1943லிருந்து 1947 வரை. ஒரு பக்கம் கிரீடம், ஆண்டு. மறுபக்கம் இலை வளையம். இதில் எழுத்து சின்னது பெரியது, கிரீடம் உருண்டையானது உயரமானது தட்டையானது என்று பல வகை. போர்க் கால அவசரத்தில் கல்கத்தா, பம்பாய், புதிதாகத் திறந்த லாகூர் சாலை, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா வரைக்கும் போய் அடித்தார்கள். லாகூர் காசில் 'எல்' என்ற குறி இருக்கும். மயிலாப்பூர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் லாகூரில் அடித்த காசு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அடித்த ஊர் இன்றைக்கு வேறு நாடு.

பாட்டியிடம் காட்டினேன். கையில் வாங்கி, அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்கிற மாதிரி விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாள். "இதக் கயித்துல கோத்து இடுப்புல கட்டிண்டு குளத்தங்கரைக்கு ஓடுவோம். தொலஞ்சு போச்சுன்னா அம்மா தோலை உரிச்சுடுவா" என்றாள். பாட்டி குழந்தையாக ஓடியது எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பெரியப்பாவின் காசு

இப்போது அந்த 1818. படித்ததை வைத்து மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று: இந்த மதிப்பில் அப்படி ஒரு நாணயம் உண்டா? பெரியப்பா காசில் 'யு.கே.எல். ஓர் அணா' என்று இருக்கிறது. இந்தியாவில் ஓர் அணா நாணயம் வந்ததே 1906ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஏழாம் எட்வர்ட் காலத்தில். அதுவும் வளைவு வளைவான விளிம்போடு நிக்கல் கலந்த வெள்ளை உலோகத்தில். 1818ல் செம்பில் ஓர் அணா என்பது கட்டபொம்மன் கையில் செல்போன் இருக்கிற மாதிரி. 'யு.கே.எல்.' என்று ஒரு நாணய அலகு கிடையவே கிடையாது.

இரண்டு: எந்தச் சாலை? இதே மாதிரி 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டும் சாமி காசுகள் உலாவுகின்றன. செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பியதே 1640ல். நம் ஊர் நாணயச் சாலை கோட்டைக்குள் ஆரம்பித்து, பின்னாளில் இன்றைய தங்கசாலைத் தெருவின் கோடிக்கு வந்து, 1869ல் மூடப்பட்டது. தெருவுக்குப் பெயர் மட்டும் மிச்சம். 1616ல் இங்கே காசு அடிக்கக் கம்பெனிக்குக் கோட்டையும் இல்லை, சாலையும் இல்லை.

மூன்று: கம்பெனி காசில் சாமி வருமா? இங்கேதான் நான் தடுமாறினேன். ஏனென்றால், வரும்! மதராஸில் கம்பெனி அடித்த வராகன்களில் பெருமாள் உண்டு. 1807 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகன்களில் ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு மொழி. ஸ்பானிய வெள்ளி டாலர் மேலேயே அடித்ததால் சிலவற்றில் பழைய டாலரின் எழுத்து அடியில் தெரியும். ஆனால் அவை தங்கமும் வெள்ளியும். செப்பு அணாவில் ராமர் பட்டாபிஷேகம் கிடையாது. பெரியப்பா காசு கோயில் வாசலில் விற்ற வெறும் பூஜை டோக்கன். முழுப் பொய்யை யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் ஒரு உண்மை இருந்தால்தான் பொய் விலைபோகும். 'ரைஸ் புல்லிங்' என்று அரிசியை இழுக்கும் அதிசயக் காசு விற்கிறார்களே, அந்தக் கும்பலுக்கும் இந்த 1818 சாமி காசுதான் மூலதனம்.

இன்னொன்றும் சொன்னேன். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. பழைய காசு விற்பனைக்கு அது கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. காசை வாங்குகிறவன் பணம் தருவான், உங்களிடம் பணம் கேட்க மாட்டான். இதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்போ அப்பா ஏமாந்துதான் இதை வாங்கினாரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டி பதில் சொன்னாள். "அவர் எங்கடா விலைக்குன்னு வாங்கினார்? ராமர் இருக்கார்னு வாங்கி வெச்சுண்டார். ராமர் இன்னும் இருக்காரோல்லியோ." செயின் பெரியம்மா கழுத்திலேயே இருக்கிறது. போன 4,500 போனதுதான். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். டோக்கன் இப்போது பாட்டியின் பூஜை அலமாரியில்.

இப்போது உங்கள் முறை. வீட்டில் பழைய பாட்டில், அஞ்சறைப்பெட்டி, பீரோ மூலை எல்லாம் தேடிப் பாருங்கள். பழைய பைசாக்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஆகவே தைரியமாகச் சேர்க்கலாம். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டு 1858ல் ஒற்றை இலையா, இரட்டை இலையா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: நம் பாட்டில் முழுவதையும் விற்றால்கூட லட்சம் எல்லாம் வராது. விற்கிற எண்ணமும் இல்லை. பாட்டி இப்போது 'செல்லாக்காசு' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். புளியை மட்டும் என் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறாள் :)